7840எச்எஸ் இருக்கிறது, அதே மாடலின் 'ரைசன் 7 260' பதிப்புக்கு மாறலாமா?

நாற்பதுடேப் (கேள்வி):

வணக்கம். என்னிடம் இருப்பது 14 அங்குல லேப்டாப், 2023 மாடல். ஏஎம்டியின் ரைசன் 7 7840எச்எஸ் பிராசசர், 16 ஜிபி எல்பிடிடிஆர்5 ராம் (போர்டிலேயே சால்டர் செய்தது, ஸ்லாட் கிடையாது), 512 ஜிபி எஸ்எஸ்டி, 1920×1200 ஐபிஎஸ் திரை, 57 வாட்-மணி பேட்டரி. விண்டோஸ் 11 ஓடுகிறது.

அதே மாடலுக்கு இப்போது புதுப்பித்த பதிப்பு வந்திருக்கிறது. ரைசன் 7 260, 32 ஜிபி, 1 டிபி, 2880×1800 ஓஎல்இடி 120 ஹெர்ட்ஸ், 60 வாட்-மணி பேட்டரி, கைவைக்கும் இடத்தில் 'ஏஐ' ஸ்டிக்கர். உடலும் எடையும் பழையதேதான்.

வேலை: டாக்கரில் நாலைந்து கன்டெய்னர் (புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டுவது), கோடு எடிட்டர், பிரவுசரில் 40 டேப், வார இறுதியில் கொஞ்சம் போட்டோ எடிட்டிங். குறைகள் மூன்று. மதியத்துக்கு மேல் எல்லாமே இழுவை, டேப் மாற்றினால் ஒரு நொடி வெள்ளையாக நிற்கிறது. பேட்டரி 4 மணி நேரம்தான் வருகிறது. பில்டு (கோடைப் புரோகிராமாக மாற்றும் வேலை) ஓடும்போது ஃபேன் கத்துகிறது, பில்டும் வாங்கிய புதிதில் ஓடியதைவிட மெதுவாகத்தான் முடிகிறது.

நடுவில் 8000 வரிசை வந்து போய்விட்டதால் இரண்டு தலைமுறை தாண்டியாச்சு என்று கணக்குப் போடுகிறேன். பிராசசர் வேகம் எவ்வளவு கூடும்?

மூன்றாமிலக்கம்:

கூடாது. இரண்டு தலைமுறை என்று நீங்கள் எண்ணியது பெயர்ப்பலகையை. உள்ளே இருக்கும் சிலிக்கான் ஒன்றே.

7840எச்எஸ், 8845எச்எஸ், ரைசன் 7 260 மூன்றிலும் ஜென் 4 கட்டமைப்பில் கோர் எட்டு, த்ரெட் பதினாறு, அடிப்படை வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸ், உச்ச வேகம் 5.1, கிராஃபிக்ஸ் ரேடியான் 780எம். ஸ்பெக் தாளில் இந்த ஐந்தும் வரிக்கு வரி ஒத்துப்போகும். மாறியது என்பியு (ஏஐ கணக்குகளுக்கான பகுதி) மட்டும்: 7840இல் 10 டாப்ஸ் (நொடிக்கு 10 லட்சம் கோடி கணக்கு), 8845இலும் 260இலும் 16 டாப்ஸ். மைக்ரோசாஃப்டின் கோபைலட் பிளஸ் ஏஐ வசதிகளுக்குக் குறைந்தது 40 டாப்ஸ் வேண்டும். ஆகவே அந்த ஸ்டிக்கரை நம்பி வாங்கினால் அந்த வசதிகளும் வராது.

2023இல் ஏஎம்டி கொண்டுவந்த பெயர் முறையில் ஓர் ஒழுங்காவது இருந்தது. நான்கு இலக்கத்தில் முதலாவது மாடல் ஆண்டு, மூன்றாவது கட்டமைப்பு. 7840இல் மூன்றாவது 4, அதனால் ஜென் 4. 7730யு என்றால் 3, அதாவது ஜென் 3. 7520யு என்றால் 2, அதாவது ஜென் 2. 2019இல் வந்த கட்டமைப்புக்கு '7000' சட்டை. விவரம் தெரிந்தவன் இலக்கத்தைப் பார்த்தே பிடித்துவிடலாம். 200 வரிசையில் அதையும் எடுத்துவிட்டார்கள். இன்டெல் பக்கமும் இதே கூத்துதான்: 'அல்ட்ரா' என்ற சொல் இல்லாத கோர் 7 150யு, கோர் 7 240எச் எல்லாம் பழைய ராப்டர் லேக்தான்.

இன்னொன்று. ஒரே சிப்பாக இருந்தாலும் லேப்டாப்புக்கு லேப்டாப் வேகம் மாறும். இந்த எச்எஸ் வகையை 35 வாட்டிலிருந்து 54 வாட் வரை எங்கே வேண்டுமானாலும் தயாரிப்பாளர் நிறுத்தலாம். புதுப்பித்த பதிப்பில் இரண்டு ஃபேனை ஒன்றாகக் குறைத்திருந்தால், ஹீட் பைப்பை மெல்லிசாக்கியிருந்தால், புதுசு பழசைவிட மெதுவாக ஓடும். 'உடல் அதேதான்' என்கிறீர்கள், உள்ளே அதேதானா என்று சர்வீஸ் மேனுவலில் அடிமூடியைத் திறந்த படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

வாட்டுமணி:

மேலே சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. நான் கேட்பது, இழுவைக்குக் காரணம் பிராசசர்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? டேப் வெள்ளையாக நிற்பது பெரும்பாலும் ராம் தீர்ந்து எஸ்எஸ்டிக்குப் போய் வருவதால். மூன்று அளவு எடுத்துப் போடுங்கள், அப்புறம் பேசலாம்.

ஒன்று, இழுவை இருக்கும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம். 'இன் யூஸ்' சதவீதத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். 'கமிட்டட்' (புரோகிராம்கள் கேட்டு வைத்தது), 'அவைலபிள்' (உடனே கிடைப்பது), 'ஹார்டுவேர் ரிசர்வ்டு' (கிராஃபிக்ஸ் போன்றவற்றுக்கு ஒதுக்கியது) மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து 'ஹார்டு ஃபால்ட்ஸ்' (ராமில் இல்லாததை எஸ்எஸ்டியிலிருந்து எடுப்பது) நொடிக்கு எத்தனை என்று ஒரு நிமிடம் கவனியுங்கள். எப்போதாவது துள்ளினால் பரவாயில்லை. நூற்றுக்கணக்கில் இடைவிடாமல் நின்றால் ராம் போதவில்லை. 'விஎம்மெம்' என்ற பெயரில் ஓடும் புராசஸ் எவ்வளவு சாப்பிடுகிறது என்பதும் வேண்டும். உங்கள் டாக்கர் அதற்குள்தான் இருக்கிறது.

இரண்டு, பேட்டரி ரிப்போர்ட். கமாண்ட் பிராம்ப்டில் 'பவர்சிஎஃப்ஜி', இடைவெளி, சாய்கோடு, 'பேட்டரிரிப்போர்ட்' (தட்டும்போது ஆங்கில எழுத்தில்). எச்டிஎம்எல் கோப்பு ஒன்று உருவாகும். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி, சைக்கிள் கவுன்ட்.

மூன்று, சூடு. சார்ஜரைச் செருகி, சினிபெஞ்ச் ஆர்23இன் 10 நிமிட மல்ட்டி-கோர் சோதனையை ஓட விடுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற அளவுக் கருவியில் சிபியு பேக்கேஜ் பவர் முதல் நிமிடத்தில் எத்தனை வாட், கடைசி நிமிடத்தில் எத்தனை வாட்? இந்தச் சிப்பின் வெப்ப வரம்பு 100 டிகிரி. 95ஐத் தொடுவதே ஒரு நோய் அல்ல. வாட் எங்கே போய் நிற்கிறது என்பதுதான் சேதி.

இருட்டுப்பிக்சல்:

திரையைப் பத்தி யாரும் பேசலையே. அதுதான் இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற ஒரே நிஜமான வித்தியாசம்.

உங்க ஐபிஎஸ் பேனல் ஸ்பெக்ல '45% என்டிஎஸ்சி'ன்னு (திரை காட்டுற நிற அளவு) போட்டிருந்தா, எஸ்ஆர்ஜிபியில (போன், வெப் எல்லாம் வழக்கமா பயன்படுத்துற நிற வரம்பு) மூணுல ரெண்டு பங்குகூடத் தேறாது. அதுல போட்டோ கலர் திருத்துறது கண்ணைக் கட்டிக்கிட்டுச் சமைக்கிற மாதிரி. சிவப்பு செங்கல் நிறமாத் தெரியும், நீங்க அதைக் கூட்டுவீங்க, அடுத்தவங்க போன்ல பார்த்தா கத்தும். ஓஎல்இடிக்குப் போனா இது தீரும்.

ஆனா ரெண்டு விஷயம். குறைஞ்ச பிரைட்னஸ்ல நிறைய ஓஎல்இடி பேனல் பிடபிள்யூஎம் முறையிலதான் வெளிச்சத்தைக் குறைக்குது, அதாவது வேகமா அணைச்சு அணைச்சு எரியுது. சிலருக்கு ஒண்ணும் தெரியாது, சிலருக்கு ஒரு மணி நேரத்துல தலைவலி. வாங்குறதுக்கு முன்னாடி பிரைட்னஸை கால்வாசிக்கு இறக்கி, போன் கேமராவை வேகமான ஷட்டர்ல வச்சுத் திரையைப் பாருங்க. கறுப்புப் பட்டை ஓடுச்சுன்னா இருக்கு. உங்க கண்ணுக்கு ஒத்துக்குதான்னு அரை மணி நேரமாவது டெக்ஸ்ட் படிச்சுப் பார்க்கணும். ரெண்டாவது, நாள் முழுக்க ஒரே இடத்துல நிக்கிற டாஸ்க்பார், எடிட்டர் சைடுபார். வருஷக் கணக்குல அது பதிஞ்சு போகும். டாஸ்க்பாரை ஆட்டோ ஹைடு பண்ணுங்க, டார்க் தீம் வைங்க.

பழைய மெஷின்லயே பேனலை மட்டும் மாத்துறதும் உண்டு. ஆனா 1920×1200 60 ஹெர்ட்ஸ் பேனலுக்கு வழக்கமா 30 பின் இடிபி (போர்டிலிருந்து திரைக்குப் போற) கேபிள்தான் வரும். 2.8கே பேனலுக்கு 40 பின் வேணும், கேபிளும் மாத்தணும். அதே 30 பின்ல 100% எஸ்ஆர்ஜிபி, 400 நிட்ஸ் ஐபிஎஸ் போடுறது சுலபம். மேஜையில உக்காந்துதான் போட்டோ பார்ப்பீங்கன்னா ஒரு நல்ல வெளி மானிட்டர் இதைவிடச் சுலபம்.

நாற்பதுடேப்:

அளந்துவிட்டேன். மதியம் 3 மணி நிலவரம்:

கமிட்டட் 22.4 ஜிபி. அவைலபிள் 400 எம்பிக்குள். ஹார்டுவேர் ரிசர்வ்டு 2.3 ஜிபி, அதனால் விண்டோஸுக்கு எஞ்சியது 13.7 ஜிபி. ஹார்டு ஃபால்ட்ஸ் நிற்கவே இல்லை, நொடிக்கு 300, 500 என்று போகிறது. விஎம்மெம் 6.7 ஜிபி.

பேட்டரி: டிசைன் 57,000 மில்லிவாட்-மணி, ஃபுல் சார்ஜ் 41,300, சைக்கிள் 540.

சினிபெஞ்ச்: தொடக்கத்தில் 48 வாட், இருபது நொடிக்குள் 97 டிகிரி, கடைசியில் 24 வாட்.

திரை 45% என்டிஎஸ்சிதான். பெட்டியில் போட்டிருக்கிறது, இதுநாள் வரை அர்த்தம் தெரியாது.

வாட்டுமணி:

நல்ல அளவுகள். ராமிலிருந்து தொடங்குவோம்.

விஎம்மெம்முக்குள் டபிள்யூஎஸ்எல்2 (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) ஓடுகிறது. வரம்பு எதுவும் வைக்காவிட்டால் விண்டோஸ் பார்க்கும் ராமில் பாதி வரை அது எடுத்துக்கொள்ளும். 13.7இல் பாதி 6.85, உங்களுடையது 6.7. முட்டி நிற்கிறது. அதில் பெரும்பகுதி கன்டெய்னர்கள் உண்மையில் கேட்டது அல்ல. லினக்ஸ் படித்த கோப்புகளை எல்லாம் கேஷாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். விர்ச்சுவல் மெஷின் அதை விண்டோஸுக்கு உடனுக்குடன் திருப்பித் தராது. லினக்ஸுக்குள் 'ஃப்ரீ' கட்டளை போட்டு 'யூஸ்டு' பத்தியைப் பாருங்கள், உண்மைத் தேவை தெரியும்.

அது 3 ஜிபிக்குள் இருந்தால், உங்கள் யூசர் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் 'டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக்' கோப்பை உருவாக்கி, 'டபிள்யூஎஸ்எல்2' பகுதியின் கீழ் 'மெமரி' 4 ஜிபி என்றும், 'எக்ஸ்பெரிமென்டல்' பகுதியின் கீழ் 'ஆட்டோமெமரிரீக்ளெய்ம்' 'கிராஜுவல்' என்றும் எழுதுங்கள். எல்லாம் ஆங்கில எழுத்தில். நோட்பேடில் சேமித்தால் கோப்பின் பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும், அதை நீக்காவிட்டால் விண்டோஸ் அந்தக் கோப்பைச் சீண்டாது. 'மாற்றிப் பார்த்தேன், பலனில்லை' என்று வருபவர்களில் பலர் விழுவது இந்தக் குழியில்தான். முடித்ததும் டபிள்யூஎஸ்எல்லை ஷட்டவுன் கட்டளை கொடுத்து நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும், ஜன்னலை மூடினால் போதாது. வரம்பை அளவுக்கு மீறி இறுக்கினால் டேட்டாபேஸ் கன்டெய்னர் காரணம் சொல்லாமல் செத்துப் போகும், எக்ஸிட் கோடு 137 என்று காட்டும். அப்படி வந்தால் அரை ஜிபி கூட்டுங்கள்.

அடுத்து அந்த 2.3 ஜிபி ரிசர்வ்டு. பயாஸில் (மெஷின் தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) 'யுஎம்ஏ ஃபிரேம் பஃபர்' 2 ஜிபியில் நிற்கிறது. 780எம்முக்குத் தனி மெமரி இல்லை, உங்கள் ராமிலிருந்துதான் வெட்டிக் கொடுக்கிறது. 512 எம்பிக்கு இறக்குங்கள். தேவைப்பட்டால் கிராஃபிக்ஸ் அப்போதைக்கு அப்போது பொது ராமில் கடன் வாங்கிக்கொள்ளும். பயாஸைத் தொடும் முன் பிட்லாக்கர் (டிஸ்க் பூட்டு) ரெக்கவரி கீயை வேறொரு இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அமைப்பை மாற்றிய பின் சில மெஷின்கள் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

இரண்டும் சேர்ந்து 4 ஜிபிக்கு மேல் திரும்பக் கிடைக்க வேண்டும்.

இப்போது பேட்டரி. 41.3 வாட்-மணியில் 4 மணி நேரம் என்றால் சராசரிச் செலவு 10.3 வாட். பழைய லேப்டாப்பிலேயே புது பேட்டரி போட்டால் 57 வகுத்தல் 10.3, ஐந்தரை மணி நேரம். புது லேப்டாப்பின் 60 வாட்-மணி உங்கள் பழைய பேட்டரியின் புதுசைவிட 3 வாட்-மணிதான் அதிகம், பதினேழு பதினெட்டு நிமிடம். அந்தத் திரையில் 2.25 மடங்கு பிக்சல், இரட்டிப்பு ரிஃப்ரெஷ், வெள்ளைப் பக்கங்களுக்கு ஓஎல்இடியின் தீனி. இதற்கெல்லாம் 2 வாட் கூடுதல் என்று வைத்தால் 60 வகுத்தல் 12.3, ஐந்து மணிக்கும் குறைவு. பேட்டரிக்காக மாறுகிறேன் என்பது கணக்கில் நிற்காது.

திருப்புளி:

48லிருந்து 24 வாட்டுக்கு விழுவது தூசியும் பேஸ்ட்டும் (சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பசை). ரைசனைக் குறை சொல்லிப் பயனில்லை. பேட்டரியை மாற்றத் திறக்கத்தான் போகிறீர்கள், ஒரே திறப்பில் இரண்டையும் முடியுங்கள்.

சார்ஜ் 25 சதவீதத்துக்குக் கீழே வரும் வரை ஓட்டிவிட்டு அணையுங்கள். ஸ்லீப் இல்லை, முழு ஷட்டவுன். அடிமூடி ஸ்க்ரூக்கள் ஒரே நீளமாக இருக்காது. ஒரு தாளில் மூடியின் வடிவத்தை வரைந்து அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் முறுக்கினால் கைவைக்கும் தட்டில் மேடு தட்டும், சில சமயம் போர்டையே கிழிக்கும். மூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. பிளாஸ்டிக் நெம்பியால் இரண்டு ஓரத்திலும் மாறி மாறித் தள்ளுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது, உலோகம் கிட்டவே வரக் கூடாது.

பேட்டரி வாங்கும்போது லேப்டாப் மாடல் பெயரை வைத்துத் தேட வேண்டாம். பழைய பேட்டரியின் லேபிளில் இருக்கும் பார்ட் நம்பரை வைத்துத் தேடுங்கள். ஒரே மாடலுக்கு இரண்டு அளவு பேட்டரி வருவது சகஜம். ஸ்க்ரூ துளையும் கனெக்டர் இடமும் ஒத்துப் போகாது.

டச்பேட் சமீபமாக அழுத்தக் கடினமாக இருக்கிறதா, அடிமூடி மேஜையில் ஆடுகிறதா? இருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அதோடு ஒரு நாள்கூட ஓட்ட வேண்டாம், சார்ஜும் போட வேண்டாம். குத்தாமல், மடக்காமல் கழற்றி மின்கழிவில் சேருங்கள்.

ஃபேனைத் தனியாகக் கழற்றினால்தான் தூசி தெரியும். ஃபேனுக்கும் ஃபின்னுக்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) நடுவில் கம்பளி மாதிரி படிந்திருக்கும். வெளியிலிருந்து காற்றடித்தால் அது உள்ளே போய் மறுபடி ஒட்டும். காற்றடிக்கும்போது ஃபேன் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்ற விட்டால் பேரிங் போகும்.

ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களில் எண் குத்தியிருக்கும். இறக்கும்போது 4, 3, 2, 1. ஏற்றும்போது 1, 2, 3, 4. ஒவ்வொன்றையும் அரைச் சுற்று அரைச் சுற்றாக. ஒரே மூலையை முழுதாக முறுக்கினால் மூடியில்லாத டை (சிப்பின் சிலிக்கான் துண்டு) என்பதால் ஓரம் சில்லு போகும். பழைய பேஸ்ட் பளபளவென்று பாதரசம் போல் இருந்தால் நிறுத்துங்கள். அது லிக்விட் மெட்டல், பயிற்சி இல்லாமல் துடைக்கப் போனால் போர்டில் சிந்தும். சாம்பல் நிறம் என்றால் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிடலாம்.

சாதாரண பேஸ்ட்டை மறுபடி போட்டால் ஒரு வருடத்தில் இதே கதை. சிப் சூடாகி ஆறி விரியும்போது பேஸ்ட் ஓரத்துக்குப் பிதுங்கிவிடும். ஹனிவெல் பிடிஎம்7950 தகடு போடுங்கள். அறை வெப்பத்தில் திடமாக இருக்கும், 45 டிகிரி வாக்கில் இளகிப் பரவும், பிதுங்காது. டையைவிட ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். பிலிம் உரியவில்லை என்றால் ஐந்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் சுத்தமாக வரும். இரண்டு பக்கமும் பிலிம் உண்டு; ஒன்றை மறந்துவிட்டு 'இதற்குப் பழைய பேஸ்ட்டே தேவலை' என்பவர்களும் உண்டு. முதல் நாள் அளவை வைத்து முடிவு கட்ட வேண்டாம், நாலைந்து முறை சூடாகி ஆறிய பிறகுதான் உட்காரும்.

மெமரி சிப்புகள், மாஸ்ஃபெட் (மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சிப்) மேல் இருக்கும் மெத்தென்ற பேடுகளைக் கிழிக்காமல் அப்படியே திருப்பி வையுங்கள். கிழிந்தால் அதே தடிமனில்தான் மாற்ற வேண்டும். தடிமன் கூடினால் டை மேல் ஹீட்சிங்க் சரியாக அமராது.

மூன்றாமிலக்கம்:

பழையதே போதும் என்று எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சால்டர் செய்த 16 ஜிபியை எந்தத் திருப்புளியும் 32 ஆக்காது. கன்டெய்னர்களின் உண்மைத் தேவை 6, 7 ஜிபியைத் தொட்டால் மேலே சொன்ன சிக்கனம் எல்லாம் தோற்கும். அப்போது மாறத்தான் வேண்டும். ஆனால் அதற்கும் இந்த 260தான் பதில் என்றில்லை. 8845எச்எஸ் போட்ட நடு மாடல், அதே 32 ஜிபியில், இருப்புத் தீர்க்கும் விலையில் கிடைத்தால் அதுவும் இதுவும் ஒன்றே.

உண்மையிலேயே புதுக் கட்டமைப்பு வேண்டுமென்றால் ரைசன் ஏஐ 300 வரிசை. அதிலும் கண் திறந்து வாங்க வேண்டும். ஏஐ 9 எச்எக்ஸ் 370இல் ஜென் 5 நான்கும் ஜென் 5சி (வேகம் குறைந்த சிறிய கோர்) எட்டுமாக 12 கோர், கிராஃபிக்ஸ் 890எம். ஏஐ 7 350இல் நான்கும் நான்குமாக 8 கோர், கிராஃபிக்ஸ் 860எம். இதில் கம்ப்யூட் யூனிட் (கிராஃபிக்ஸ் கணக்குப் பகுதி) எட்டுதான், உங்கள் 780எம்மில் பன்னிரண்டு. பெயரில் எண் ஏறினால் எல்லாமே ஏறியது என்று அர்த்தமில்லை.

பேட்டரிதான் முதல் கவலை என்றால் இன்டெல் கோர் அல்ட்ரா 7 258வி போன்றவை. ராம் பிராசசர் பேக்கேஜிலேயே இருக்கும். 8இல் முடியும் எண்ணுக்கு 32 ஜிபி, 6இல் முடியும் 256விக்கு 16 ஜிபி. பின்னால் கூட்ட வழியில்லை. எட்டுக் கோருக்கு எட்டு த்ரெட்தான் என்பதால் உங்கள் பில்டு வேகத்தில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

நாற்பதுடேப்:

மெமரி மாற்றம் இரண்டையும் நேற்றே செய்தேன். லினக்ஸுக்குள் உண்மைத் தேவை 2.9 ஜிபிதான். இன்று அதே 3 மணிக்கு: விண்டோஸுக்கு 15.2, அவைலபிள் 2.6 ஜிபி, ஹார்டு ஃபால்ட்ஸ் எப்போதாவது துள்ளுகிறது. கமிட்டட் இன்னும் 19க்கு மேல் இருக்கிறதே, அது ஆபத்தா? டேப் வெள்ளையாவது நின்றுவிட்டது.

டச்பேட் சரியாகத்தான் அழுந்துகிறது. பேட்டரியும் பிடிஎம் தகடும் ஆர்டர் போட்டாயிற்று. திரைக்கு 100% எஸ்ஆர்ஜிபி வெளி மானிட்டர் பார்க்கிறேன். புது பேட்டரிக்குச் சார்ஜ் வரம்பு வைக்க வேண்டுமா?

வாட்டுமணி:

கமிட் என்பது புரோகிராம்கள் கேட்டு வைத்த வாக்குறுதி. எல்லாவற்றையும் அவை தொடுவதில்லை. அவைலபிள் இருக்கிறது, ஃபால்ட் இல்லை என்றால் 19ஐப் பற்றிக் கவலை வேண்டாம். பேஜ்ஃபைலை (ராம் போதாதபோது பயன்படும் எஸ்எஸ்டி கோப்பு) மட்டும் அணைத்துவிடாதீர்கள். அணைத்தால் அந்த வாக்குறுதிக்கு இடமில்லாமல் புரோகிராம்கள் திடீரென்று மூடும்.

மேஜையில் செருகியே வேலை செய்யும் நாட்களில் 80 சதவீத வரம்பு வையுங்கள், வெளியே போகும் முதல் நாள் இரவு எடுத்துவிடுங்கள். லித்தியம் செல்லைக் கெடுப்பதில் முழுச் சார்ஜும் சூடும் சேர்வதற்கு நிகர் வேறில்லை.

திருப்புளி:

பேட்டரி வந்ததும் மாட்டிய அன்றே ஒரு ரிப்போர்ட் எடுத்துச் சேமித்து வையுங்கள். சைக்கிள் ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். ஒருமுறை முழுதாக ஏற்றி, 10 சதவீதம் வரை இறக்கி, மறுபடி முழுதாக ஏற்றிய பிறகு ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 54,000க்குக் கீழே காட்டினால் அது கிடங்கில் கிடந்து கிழடான சரக்கு. திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் அனுப்பிவிடுங்கள்.